மூணு மாச சம்பள பாக்கியும் ஒரு ரிலீஸ் லெட்டரும்: டர்பன்ல ஒரு சைக்கிள் வீரரோட ஒப்பந்தத் தகராறு

முதல்லயே சொல்லிடுறேன், இதுல வர்ற பையன், அவன் குடும்பம், டீம், மேனேஜர் யாரு பேரும் வராது. பையன்கிட்ட கேட்டு அவன் சரின்னு சொன்ன பிறகுதான் எழுதுறேன். நான் வக்கீல் கிடையாது, தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல ஒரு கம்பெனில கணக்கு பாக்குறேன், சொந்த ஊரு தூத்துக்குடி பக்கம், ஞாயித்துக்கிழமை விடிகாலைல எம்4 ரோட்டுல பல்லிட்டோ வரைக்கும் சைக்கிள் மிதிக்கிற கூட்டத்துல நானும் ஒருத்தன். அந்தப் பழக்கத்துலதான் இந்த விஷயம் என்கிட்ட வந்துச்சு. இதுல நான் பண்ண ஒரு தப்பும் இருக்கு, அதையும் மறைக்காம எழுதுறேன், ஏன்னா அந்தத் தப்புக்கு விலை குடுத்தது நான் இல்ல, அவன்.

பின்னணி

பையன் டர்பன்ல இருக்கிற சாட்ஸ்வொர்த்ல பொறந்து வளந்தவன். வீட்டுல எல்லாருக்கும் இங்கிலீஷ்தான், ஆயா, அதாவது பாட்டி, மட்டும் தமிழ் பேசுவாங்க, அதனால இவனுக்கு நல்லா புரியும், பேச வந்தா பாதி தமிழ் பாதி இங்கிலீஷா வரும். என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவான்.

அவனுக்கு சைக்கிள் பைத்தியம் பிடிச்சது 2015ல, பன்னெண்டு வயசுல. அந்த வருஷம்தான் தென்னாப்பிரிக்காவோட எம்டிஎன் குபெக்கா டீம் டூர் டி பிரான்ஸுக்குப் போச்சு, ஆப்பிரிக்காவுல பதிவான டீம் ஒண்ணு அங்க ஓடினது அதுதான் முதல் தடவை. ஜூலை 18, மண்டேலா நாள், அன்னைக்கு மாண்ட் ஊர்ல ஸ்டீவ் கம்மிங்ஸ் அந்த டீமுக்காக ஸ்டேஜ், அதாவது அந்த ஒரு நாள் ரேஸை, ஜெயிச்சாரு. அப்பாவோட டிவி முன்னாடி உக்காந்து அதப் பாத்ததை இன்னைக்கும் சொல்லுவான். அதே டீம் பேரு மாறி மாறி ஓடிட்டு, 2021 சீசனோட ஸ்பான்சர் பணம் இல்லாம மூடிட்டாங்க. உலகத்தோட மேல் மட்டத்துல ஓடின டீமுக்கே அந்தக் கதிதான். சைக்கிள்ல டிக்கெட் வசூல் கிடையாது, டிவி பணமும் டீமுக்கு வர்றதில்ல, ஸ்பான்சர் கைய விட்டா அன்னையோட முடிஞ்சது. இவன் சேந்த டீமோ அதுல பத்துல ஒரு பங்கு கூட கிடையாது.

சேந்தது 2023 ஜனவரில, இருபது வயசுல. ஒப்பந்தம் 2023 ஜனவரி 1லருந்து 2024 டிசம்பர் 31 வரைக்கும். மாசம் 9,000 ராண்ட், பைக், ஜெர்சி, ரேஸுக்குப் போக வர செலவு. மேனேஜர் அந்தக் குடும்பத்துக்கு ரொம்ப வருஷமா தெரிஞ்சவர், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போறவர், பையன் அவரை அங்கிள்னுதான் கூப்பிடுவான். பதினோரு பக்க ஒப்பந்தத்தை வீட்டு சாப்பாட்டு மேசைலயே வச்சு கையெழுத்து போட்டான். யாரும் முழுசா படிக்கல. தெரிஞ்சவர்கிட்ட பேப்பரை வாங்கி வரி வரியா படிக்கிறது மரியாதை இல்லன்னு நம்ம ஆளுங்க நினைக்கிறோம், அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சது.

இன்னொண்ணும் இங்க தெரிஞ்சுக்கணும். உலக சைக்கிள் கூட்டமைப்பான யூசிஐ கணக்குல ஆண்கள் டீம் மூணு மட்டம்: வேர்ல்ட் டீம், ப்ரோ டீம், அதுக்குக் கீழ கான்டினென்டல். மேல ரெண்டு மட்டத்துக்கு குறைஞ்சபட்ச சம்பளம் உண்டு, ஒப்பந்தத்துல என்னென்ன இருக்கணும்ங்கிறதுக்கும் விதி உண்டு. மூணாவது மட்டத்துல யூசிஐ குறைஞ்சபட்ச சம்பளம்னு ஒண்ணும் வைக்கல, அந்தந்த நாட்டு ஃபெடரேஷனும் அந்தந்த நாட்டு சட்டமும்தான். அதனால ஐரோப்பால பெரிய வீரருக்கு நடந்ததைப் பாத்துட்டு நமக்கும் அப்படியே நடக்கும்னு எடுத்துக்க முடியாது.

பிரச்சனை வெளில வந்த நாள்

2024 அக்டோபர் 6, ஞாயிறு. பல்லிட்டோல காபி குடிக்க நிக்கிறோம், எப்பவும் முதல் ஆளா சிரிச்சுப் பேசுறவன் அன்னைக்கு ஹெல்மெட்டைக் கூட கழட்டாம சுவர்ல சாஞ்சு நின்னான். என்னடான்னு கேட்டா போனை எடுத்து ஒரு வாய்ஸ் நோட் போட்டுக் காட்டினான். மேனேஜர் குரல், அக்டோபர் 3 தேதி. சுருக்கமா இதுதான்: உன்னை அடுத்த வருஷமும் டீம்ல வச்சிருக்க எங்களுக்கு ஒப்பந்தத்துல உரிமை இருக்கு, அதை எடுத்துக்கிட்டோம், வேற டீமுக்குப் போகணும்னா 1,50,000 ராண்ட் கட்டிட்டுப் போ.

கேக்கக் கேக்க மீதியும் வந்துச்சு. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூணு மாசமா சம்பளம் வரல, மொத்தம் 27,000 ராண்ட். வீரருங்க டீம் மாறுற யூசிஐ மாற்றல் காலம் ஆகஸ்ட் 1ல தொடங்குதுல்ல, அந்த மாசமே ஐரோப்பால ஒரு சின்ன டீம் இவன் ரிசல்ட்டைப் பாத்து கேட்டிருக்கு, 2025க்கு எடுத்துக்கிறோம், ஆனா ஜனவரி 1லருந்து நீ எந்த டீமுக்கும் கட்டுப்பட்டவன் இல்லன்னு பழைய டீம்கிட்டருந்து ஒரு லெட்டர் வேணும், நவம்பர் 15க்குள்ள. அந்த லெட்டரைக் கேட்டதுக்குத்தான் இந்த வாய்ஸ் நோட்.

பேப்பர்ல பாத்தது

அன்னைக்கு மத்தியானமே அவன் வீட்டுக்குப் போயி பதினோரு பக்கத்தையும் மேசைல விரிச்சு உக்காந்தோம். மூணு இடத்துல பென்சில் வச்சேன்.

முதல்ல ரெண்டாவது பிரிவு. இவன் தொழிலாளி இல்ல, சொந்தமா சேவை தர்றவன்னு போட்டிருந்துச்சு. அதுக்காகத்தான் மாசாமாசம் இவன்கிட்ட இன்வாய்ஸ் கேட்டு வாங்கியிருக்காங்க. அந்த இன்வாய்ஸ் புக்கைக் கொண்டு வாடான்னேன். பள்ளிக்கூட நோட்டு மாதிரி ஒரு கார்பன் புக், நம்பர் 1லருந்து 21 வரைக்கும் வரிசையா, இருபத்தொண்ணும் ஒரே பேருக்கு. 18 வரைக்கும் ஓரத்துல அவன் கையெழுத்துல பணம் வந்த தேதி, 19, 20, 21 ஓரம் காலி. கணக்கு பாக்குறவனுக்கு இதைவிட ஒண்ணும் வேண்டாம். நிஜமாவே சொந்தத் தொழில் பண்றவனுக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல ஒரே ஒரு வாடிக்கையாளர் மட்டும் எப்படி இருப்பான்?

இங்க இருக்கிற தொழிலாளர் உறவுச் சட்டத்துல 200ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. பேப்பர்ல என்ன பேரு போட்டிருந்தாலும், ஏழு அடையாளத்துல ஒண்ணு இருந்தாலே தொழிலாளின்னுதான் முதல்ல எடுத்துக்கணும், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது முதலாளி பொறுப்பு. எப்படி வேலை செய்யணும்னு இன்னொருத்தர் சொல்றது, வேலை நேரத்தை அவர் வைக்கிறது, ஒருத்தரை மட்டுமே நம்பிப் பொழைக்கிறது, கருவி அவர் குடுக்கிறது, இப்படிப் போகுது. இவன் விஷயத்துல பைக் அவங்களுது, பயிற்சி எத்தனை மணி நேரம்னு தினம் வாட்ஸ்அப்ல வருது, எந்த ரேஸுக்குப் போகணும்னு அவங்க சொல்றாங்க, வேற ஜெர்சி போட அனுமதி கிடையாது. அந்தப் பிரிவு வருஷத்துக்கு ஒரு அளவுக்குக் கீழ சம்பாதிக்கிறவங்களுக்குத்தான், 2024 ஏப்ரல்லருந்து அப்ப அது 2,54,371.48 ராண்டா இருந்துச்சு. இவனுக்கு வருஷத்துக்கு 1,08,000.

அடுத்து ஒன்பதாவது பிரிவு. ஒரு வருஷம் நீட்டிக்க டீமுக்கு உரிமைன்னு இருந்தது நெசம்தான். ஆனா அதே வரியோட கடைசில, செப்டம்பர் 30க்கு முன்னாடி எழுத்துமூலமா தெரிவிக்கணும்னு இருந்துச்சு. வாய்ஸ் நோட் வந்தது அக்டோபர் 3. வாட்ஸ்அப் செய்தியை எழுத்துன்னு ஏத்துக்க 2002லயே இங்க மின்னணுத் தொடர்புச் சட்டம் இருக்கு, வாய்ஸ் நோட்டும் அதுல சேருமான்னு வக்கீலுங்க வாதாடலாம், ஆனா மூணு நாள் லேட்டுக்கு வாதமே கிடையாது. அந்த வரியைப் பையன் மூணு தடவை படிச்சான். அது வரைக்கும் அங்கிள் சொன்னா அது அப்படித்தான்னு நம்பிட்டிருந்தான்.

கடைசியா பதினாலாவது பிரிவு, வளத்துவிட்டதுக்கு ஈடு 1,50,000 ராண்ட். எனக்கு மனசு கொதிச்சது இதப் பாத்துதான். ஃபுட்பால்ல மாதிரி ஆளை வித்து வாங்குற வழக்கம் சைக்கிள்ல பெருசா கிடையாது, ஒப்பந்தம் முடிஞ்சா வீரர் அவர் பாட்டுக்குப் போகலாம். ஃபுட்பால்லயே ஒப்பந்தம் முடிஞ்சவரை காசு கேட்டுப் பிடிச்சு வைக்கக்கூடாதுன்னு 1995லயே போஸ்மன் வழக்குல ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிடுச்சு, தென்னாப்பிரிக்காவுலயும் கோட்சீ எதிர் கோமிடிஸ் வழக்குல கேப் டவுன் ஹைகோர்ட் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லுச்சு, ஒப்பந்தம் முடிஞ்ச வீரரை சரக்கு மாதிரி நடத்துற லீக் விதி அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு. பேப்பர்ல கையெழுத்து போட்டாச்சுங்கிறதுக்காக எல்லா வரியும் செல்லுபடி ஆகிடாது.

எடுத்த முடிவுகள், ஏன் எடுத்தோம்

முதல் முடிவு, ராஜினாமா பண்ணக்கூடாது. கூட ஓட்டுற பசங்க எல்லாரும் அவனுக்குச் சொன்னது இதுக்கு நேர் எதிர், சம்பளம் தரலல்ல, பேசாம விட்டுட்டுப் போ, வான் ஆர்ட் போகலையா, அவரை யார் என்ன பண்ணாங்கன்னு. பெல்ஜியத்தோட பெரிய சைக்கிள் வீரர் வவுட் வான் ஆர்ட் 2018 செப்டம்பர்ல தன் பழைய பெல்ஜியம் டீமோட ஒப்பந்தத்தைத் தானே முறிச்சுக்கிட்டு வந்தவர், 2019 கடைசி வரைக்கும் ஒப்பந்தம் இருந்துச்சு. முதல்ல அவர் பக்கம்தான் தீர்ப்பு வந்துச்சு, ஆனா 2020ல மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய டீமுக்கு 6,62,000 யூரோ கட்டச் சொல்லுச்சு. பசங்களுக்குப் பாதிக் கதைதான் தெரிஞ்சிருந்துச்சு. அவரால கட்ட முடியும். இவன் அவசரப்பட்டு ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தா, ஒப்பந்தத்தை முறிச்சது நீதான்னு பழி இவன் தலைல விழும், 1,50,000 கேக்குறவங்களுக்கு அதுவே போதும்.

ரெண்டாவது, எல்லாத்தையும் எழுத்துல கேக்குறது. இதுக்கு வீட்டுல பெரிய எதிர்ப்பு. அப்பா சொன்னாரு, அவர் நம்ம வீட்டுல சாப்பிட்டவர், அவருக்குப் போயி நோட்டீஸ் மாதிரி லெட்டர் அனுப்புறதான்னு. அது வரைக்கும் பேசாம இருந்த ஆயா உள்ளருந்து, “சாப்பிட்டவருக்கு சம்பளம் குடுக்கத் தெரியாதா?”ன்னு கேட்டாங்க. அதோட அப்பா ஒண்ணும் சொல்லல. அக்டோபர் 9 லெட்டர் போச்சு, மூணு மாச பாக்கியும் டிசம்பர் 31க்கு அப்புறம் கட்டுப்பாடு இல்லன்னு ஒரு லெட்டரும் 16ஆம் தேதிக்குள்ள வேணும்னு, மரியாதையாதான் எழுதினோம்.

பதில் வேற மாதிரி வந்துச்சு. 14ஆம் தேதி திங்கக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரு பக்கில, அதாவது பிக்கப் வண்டில, வந்து பைக்கைக் கேட்டாங்க. பையன் எனக்குப் போன் போட்டான், குரல் நடுங்குது. குடுத்துடு, சண்டை போடாத, ஆனா எழுதி வாங்கிக்கிட்டுக் குடுன்னேன். பெடலும் சீட்டும் அவன் சொந்தக் காசுல வாங்கினது, அதை கேட் வாசல்லயே உக்காந்து கழட்டினான், பைக்கைத் தலைகீழா கவுத்து பெடல் அச்சுக்கு அடியில அடிச்சிருக்கிற ஃப்ரேம் நம்பரை போட்டோ எடுத்தான், வந்தவங்க ஒரு பேப்பர்ல தேதி நேரம் போட்டு கையெழுத்து போட்டாங்க. ஆயா கேட்டைப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்களாம். ராத்திரி 8:40க்கு டீம் வாட்ஸ்அப் குரூப்லருந்து அவனை எடுத்துட்டாங்க, கூடவே மேனேஜர்கிட்டருந்து ஒரு வரி, இனிமே நீ டீம்ல இல்லன்னு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சோம். பதினோரு நாள் முன்னாடி அடுத்த வருஷமும் நீ எங்க ஆளுன்னு சொன்னவர், இப்ப அவரே வேலைய விட்டு எடுத்துட்டாரு.

நான் பண்ண தப்பு

இந்த நாட்டுல நியாயமில்லாம வேலைய விட்டு எடுத்தா சிசிஎம்ஏன்னு ஒரு இடம் இருக்கு, தொழில் தகராறுக்கு சமரசம் பண்ணி வைக்கிற அமைப்பு, கட்டணம் கிடையாது. 30 நாளைக்குள்ள 7.11ங்கிற படிவத்தை நிரப்பிக் குடுக்கணும். எனக்கு இது தெரியும். ஆனா அந்த 30 நாளும் வேலை நாள் கணக்குன்னு மனசுல பதிஞ்சு போச்சு, எங்கருந்து வந்துச்சுன்னு இப்ப யோசிச்சாலும் பிடிபடல. நவம்பர் கடைசி வரைக்கும் நேரம் இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். நடுவுல மேனேஜர் அப்பாவுக்குப் போன் பண்ணி, தீபாவளி முடியட்டும், உக்காந்து பேசிக்கலாம்னாரு. அப்பா நம்பினாரு. நானும் நம்பினேன். அந்த மாசம் அமஷோவா ரேஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க்லருந்து டர்பன் வரைக்கும், அதுக்குக் கூட பையன்கிட்ட பைக் இல்ல, என் பைக் அவனுக்கு ஒரு சைஸ் பெருசு.

தீபாவளி போச்சு, போன் வரல. நவம்பர் 8 வெள்ளிக்கிழமை, ஆபீஸ்ல எங்க கம்பெனிக்கு தொழிலாளர் சட்டம் பாக்குற அம்மாகிட்ட பேச்சுவாக்குல சொன்னப்ப அவங்க முகமே மாறிடுச்சு. காலண்டர் நாள்தான் கணக்கு, 13ஆம் தேதியோட முடியுது, லேட் ஆனா ஏன் லேட்டுன்னு தனியா மனு போட்டு மன்னிப்பு வாங்கணும், அதுவும் கிடைக்கும்னு சொல்ல முடியாதுன்னாங்க. அந்த சனி ஞாயிறு நான் தூங்கல. 11ஆம் தேதி படிவத்தை முதல்ல டீமுக்கு அனுப்பி, அனுப்பினதுக்கு ஆதாரத்தோட சிசிஎம்ஏல குடுத்தோம். இருபத்தெட்டாவது நாள். சம்பள பாக்கியையும் அங்கயே சேத்துக் கேட்டோம், அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்துல 73ஏ பிரிவு 2019லருந்து அதுக்கு வழி விட்டிருக்கு.

டிசம்பர் 5

சமரசப் பேச்சுக்கு டிசம்பர் 5 வியாழக்கிழமை தேதி வந்துச்சு. அந்த வாரம்தான் பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் டாம் பிட்காக் இனியோஸ் டீமை விட்டுப் போற செய்தி, 2027 வரைக்கும் ஒப்பந்தம் இருந்தவரு, போய்ச் சேந்தது டக் ரைடர் நடத்துற க்யூ36.5 டீமுக்கு, எம்டிஎன் குபெக்காவை உருவாக்கின அதே நம்ம ஊரு ஆளு. கார்ல போகும்போது அப்பா அதைத்தான் கேட்டாரு, மூணு வருஷம் பாக்கி வச்சுக்கிட்டு அவர் போகலாம், நம்ம பையன் போகக்கூடாதான்னு. அங்க ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டுப் பிரிஞ்சாங்க, நாம இன்னைக்குப் போறதும் அந்த ஒத்துக்கிட்ட கையெழுத்தை வாங்கத்தான்னேன்.

அங்க உள்ள வக்கீலையோ என்னை மாதிரி ஆளையோ விட மாட்டாங்க. பையன் தனியா போனான், இன்வாய்ஸ் புக்கும் ஃபைலும் கையில. நான் வராந்தால உக்காந்திருந்தேன். உள்ள பேசினது ரகசியம், அதை எழுத மாட்டேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு கையெழுத்தான விஷயம் இது: ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் முழுச் சம்பளமும் அக்டோபர்ல பாதியும், ஆக 31,500 ராண்ட், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரின்னு மூணு தவணை. 1,50,000 கேக்குறதை டீம் விட்டுடும். அக்டோபர் 14லருந்து பையனுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லன்னு லெட்டர் அன்னைக்கே கையில. பதிலுக்கு வேலைய விட்டு எடுத்ததுக்கு ஈடு கேக்குறதை இவன் விட்டுடணும். விசாரணைக்குப் போனா சட்டப்படி பன்னெண்டு மாச சம்பளம் வரைக்கும் ஈடு குடுக்க இடம் உண்டு. ஆனா அதுக்கு இன்னும் பல மாசம் ஆகும், இவனுக்கு அப்ப வேண்டியது அந்த லெட்டர். என்னைக் கேட்டா அந்த முடிவு சரிதான், அது முழுக்க அவனே எடுத்தது.

அதுக்கப்புறம்

லெட்டரை அன்னைக்கு ராத்திரியே அனுப்பினோம். ஐரோப்பா டீம்காரங்க மறுநாள் பதில் போட்டாங்க, நல்லவிதமாதான் எழுதியிருந்தாங்க, ஆனா நவம்பர் கடைசிலயே அந்த இடத்துக்கு வேற பையனை எடுத்துட்டாங்க. இருபது நாள் லேட். அக்டோபர் 15ஆம் தேதியே படிவத்தைக் குடுத்திருந்தா சமரசத் தேதி நவம்பர் பாதிக்குள்ள வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அந்தக் கணக்கை நான் எத்தனையோ தடவை போட்டுப் பாத்துட்டேன். பையன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். அவன், நீங்க இல்லன்னா நான் ராஜினாமா பண்ணியிருப்பேன் அண்ணான்னான். அது ஆறுதலுக்குச் சொன்னதுன்னு எனக்குத் தெரியும்.

முதல் ரெண்டு தவணை நாள் தவறாம வந்துச்சு. மூணாவது வரல. சமரச ஒப்பந்தத்தை சிசிஎம்ஏ மூலமா தீர்ப்பு மாதிரி ஆக்கலாம், 142ஏ பிரிவு, அதுக்கு மனு போட்டோம், ஏப்ரல்ல பணம் வந்து சேந்துச்சு. அந்தப் பணத்துலதான் பழைய பைக் ஒண்ணு வாங்கினான். அப்பாவுக்கும் மேனேஜருக்கும் இப்பப் பேச்சு கிடையாது, அது அவருக்கு இன்னும் வருத்தம்தான்.

2025 நடுவுல பிரான்ஸ்ல ஒரு அமெச்சூர் கிளப் கூப்பிட்டுச்சு. சம்பளம்னு பெருசா இல்ல, தங்க ரூம், ரேஸ் செலவு, கைச்செலவுக்குக் கொஞ்சம். அவன் எதிர்பாத்த இடத்துக்கு இது ஒரு படி கீழ.

மறுபடி நடந்தா என்ன மாத்துவோம்

வேலைய விட்டு எடுத்த அன்னைக்கே காலண்டர்ல முப்பதாவது நாளை வட்டம் போட்டுட்டு, படிவத்தை முதல் வாரத்துலயே குடுத்துடுவோம். குடுத்துட்டாலும் வெளில உக்காந்து பேசலாம், பேசுறதுக்காகப் படிவத்தை நிறுத்தி வைக்கத் தேவையே இல்ல, எனக்கு இது புரிய நாலு வாரம் ஆச்சு. முதல் மாச சம்பளம் வராதப்பவே, அதாவது ஜூலைலயே, ஒரு ஈமெயில் போட்டிருக்கணும், மூணு மாசம் வாயை மூடிட்டு இருந்தது மேனேஜருக்குத்தான் தைரியம் குடுத்துச்சு. புது டீம்கிட்டயும் ஆகஸ்ட்லயே ஒப்பந்தத்தைக் காட்டி, ஒன்பதாவது பிரிவோட தேதி போகட்டும்னு சொல்லியிருந்தா அவங்க கெடுவைத் தள்ளி வச்சிருப்பாங்களோ என்னவோ, கேக்கவே இல்ல. கையெழுத்து போடுற முன்னாடி வெளி ஆளு ஒருத்தர் படிக்கணும், தெரிஞ்சவர் குடுக்கிற பேப்பர்னா கட்டாயம் படிக்கணும்.

பிரான்ஸ் கிளப் அனுப்பினது ரெண்டே பக்கம். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி எனக்கு போட்டோ எடுத்து அனுப்பினான். ரெண்டாவது பக்கத்துல, யாரும் ஒண்ணும் சொல்லலன்னா தானா இன்னொரு வருஷம் நீளும்னு ஒரு வரி இருந்துச்சு, நான் சொல்றதுக்கு முன்னாடியே அதைச் சுத்தி பென்சில்ல வட்டம் போட்டிருந்தான். கேட்டான், அவங்களும் மறுபேச்சில்லாம அடிச்சுக் குடுத்தாங்க.